கோடு இறங்கிய நிமிடம்

“டெஸ்ட்ல ஏதாவது இருந்தா அம்மா உன் வீட்டுக்கு. ஒண்ணும் இல்லைன்னா எங்க வீட்டுக்கு. இதுக்கு மேல பேச்சே கிடையாது.”

அண்ணன் இப்படி அடித்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தானே, போன வாரம் நாம் அங்கேதான் நின்றோம். குட்டி அன்று ராத்திரி தூங்கவில்லை. தூங்காதது அண்ணியின் இதயத்தை நினைத்து என்று யாராவது எண்ணினால் அவர்களுக்குக் குட்டியைத் தெரியாது என்று அர்த்தம்.

குட்டி என்றதும் பாவாடை சட்டையில் ஓடி வரும் பெண்ணை நினைத்துவிட வேண்டாம். நாற்பது தாண்டியாயிற்று. கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், நரைக்குச் சாயம் அடிக்கும் வயதிலும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் டெக்னீஷியன். மார்பில் வயரை ஒட்டி, மெஷினை ஓட்டி, இதயம் போடும் கோட்டைக் காகிதத்தில் பிடித்து டாக்டரிடம் கொடுப்பது அவள் வேலை. அந்த வேலையில் கெட்டிக்காரி. அதில் சந்தேகமே இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இன்றைக்கு மதியம் டிஸ்சார்ஜ். கனத்த உடம்பு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, அங்கிருந்து மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை ஒருவர் அணைத்துத் தூக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் குடும்பமே இரண்டு பட்டுக் கிடந்தது.

குட்டியின் வீட்டுக்காரர் தன் தீர்ப்பை எப்போதோ சொல்லிவிட்டார். “உங்கம்மா உள்ளே வந்தா, நான் வெளியே.” சொன்னதைச் செய்கிற மனுஷன். நல்ல விஷயத்தில் அப்படி இருந்ததில்லை, கெட்ட விஷயத்தில் மட்டும் வாக்குத் தவறமாட்டார்.

மிச்சம் இருப்பது அண்ணிதான். அண்ணிக்கோ ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. துணி உலர்த்தப் போனால் மார்பு இறுகுகிறது. வலி தாடை வரைக்கும் இழுக்கிறதாம். தெருமுனைக் கிளினிக்கில் படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் காகிதத்தை அண்ணன் வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் காட்டினான்.

“பாருங்க, கோடெல்லாம் எவ்வளவு ஒழுங்கா இருக்கு. கோணல் எல்லாம் ஆள்லதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் கூடச் சிரித்தாள், வேறு என்ன செய்வாள்.

குட்டிக்குத் தெரியும், படுத்த நிலையில் எடுத்த ஈ.சி.ஜி. என்ன லட்சணம் என்று. குழாய் பாதி அடைத்திருந்தாலும் ஒரு சொம்பு பிடிக்கும்போது தண்ணீர் நன்றாகத்தான் வரும். வாளியை வைத்து முழுசாகத் திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயும் அப்படித்தான். படுத்திருக்கும்போது இதயத்துக்குப் பெரிய தேவை இல்லை, கோடு சமர்த்தாக இருக்கும். நடக்கவிட்டு, ஓடவிட்டு, வேகத்தை ஏற்றினால்தான் உண்மை வெளியே வரும். அதற்குத்தான் டிரெட்மில். அண்ணன் சொன்ன ‘டெஸ்ட்’ அதுதான். இத்தனையும் தெரிந்த குட்டி, அண்ணன் காகிதத்தை ஆட்டியபோது ஒரு வார்த்தை பேசவில்லை.

காலையில் அண்ணி தனியாகத்தான் வந்தாள். அண்ணன் அம்மாவின் டிஸ்சார்ஜ் வேலையாக மேல் மாடியில் இருந்தான்.

“வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?”

“நீதானே லேசா சாப்பிட்டு வரச் சொன்னே? ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன்.” அண்ணி திரைக்குப் பின்னால் போய் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு வந்தாள். பார்த்தால் பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். “குட்டி, எனக்கு பயமா இருக்கு.”

“நடக்கறதுக்கு என்ன பயம்?”

“நடக்கறதுக்கு இல்ல. ஏதாவது இருந்துட்டா அத்தையைத் தள்ளிவிடறதுக்கு நாடகம் போட்டேன்னு சொல்லுவாங்க. இல்லாம போயிட்டா ஆறு மாசமா நாடகம் போட்டேன்னு சொல்லுவாங்க. எப்படி வந்தாலும் நாடகம்தான்.”

குட்டி பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அண்ணியின் மார்பில் ஆறு இடத்தைத் துடைத்தாள். வட்ட வட்டமாக ஒட்டுகளை ஒட்டி, ஒவ்வொன்றிலும் வயரை மாட்டினாள். பழகிய கை, கண்ணை மூடிக்கொண்டு செய்யும்.

“இன்னொண்ணு கேக்கணும்னு நெனச்சேன்,” என்றாள் அண்ணி. “இந்த ஒத்தைத் தலைவலிக்குத் தினமும் ஒரு மாத்திரை போடறேன்ல, காலைல அதைப் போட்டுட்டேன். தப்பு ஒண்ணும் இல்லையே?”

குட்டியின் கை அப்படியே நின்றது.

தப்பா? முழுத் தப்பு. அந்த மாத்திரை இதயத்தின் வேகத்துக்குக் கடிவாளம் போடும். எவ்வளவு நடக்கவிட்டாலும் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. ஏறாவிட்டால் இதயம் திணறாது, திணறாவிட்டால் கோடு காட்டிக்கொடுக்காது. டாக்டரைக் கேட்டு, படிப்படியாக நிறுத்திவிட்டு, அப்புறம்தான் இந்த டெஸ்டுக்கே வர வேண்டும். தேதி கொடுக்கும்போதே எல்லாரிடமும் குட்டி ஒப்பிக்கும் பாடம் இது. அண்ணியிடம் ஒப்பிக்கவில்லை. மறதியா? அதை அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வயரைக் கழற்றிவிட்டு, “இன்னிக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்க,” என்று அனுப்புவது.

ஆனால் அம்மா இன்றைக்கு டிஸ்சார்ஜ். ரிசல்ட் வராமல் அண்ணன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டான். “ஒரு வாரம்தானே, உன் வீட்ல வெச்சுக்கோ,” என்பான். அந்தக் குடும்பத்தில் ஒரு வாரம் என்றால் என்ன கணக்கு என்பது குட்டிக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு என்று வந்த சித்தப்பா பதினோரு வருஷம் இருந்து, அவர்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

“தலைவலி மாத்திரைதானே,” என்றாள் குட்டி. “ஒண்ணும் ஆகாது.”

சொல்லிவிட்டாள். சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

பெரிய டாக்டர் காதில் போனோடு வந்தார். வாசலிலேயே நின்று, போனைக் கையால் பொத்திக்கொண்டு, “யாரு? உங்க சொந்தமாமே?” என்றார்.

“அண்ணி, சார்.”

“மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சா?”

“ஆச்சு, சார்.”

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சின்னதாக இருந்தது.

டிரெட்மில்லின் பட்டை ஓட ஆரம்பித்தது. அண்ணி கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெஷின் சாய்ந்தது, வேகம் கூடியது. திரையில் துடிப்புக்குத் துடிப்பு கோடு எழுந்து விழுந்தது. குட்டியின் கண் ஒரே இடத்தில் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கோடு ஊசி மாதிரி மேலே போய்க் கீழே வரும். வந்ததும், அடுத்த மேடு எழும்புவதற்கு முன்னால், ஒரு சின்னச் சமதரை இருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்றால் அந்தத் தரை கீழே இறங்கும். குழாய் அடியோடு அடைத்துக்கொண்டால் அதே தரை மேலே தூக்கும். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தத் துளி இடத்தைப் பார்க்கத்தான்.

தரை தரையாகவே இருந்தது. துடிப்பும் ஏறுவேனா என்று மாத்திரையின் புண்ணியத்தில் நொண்டிக்கொண்டிருந்தது.

“குட்டி… தாடை இழுக்குது,” என்றாள் அண்ணி.

“பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தா இழுக்காம என்ன பண்ணும்? வாயைத் தளர்த்துங்க.”

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி யாரிடமோ வீட்டுக் கட்டட விஷயம் பேசிக்கொண்டிருந்தார். அவர் திரும்பியபோது அண்ணி கை காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாள். கால் துவண்டுவிட்டது.

“துடிப்பு ஏறினது கொஞ்சம் குறைச்சல்தான்,” என்றார் டாக்டர் திரையைப் பார்த்து.

“நடந்து பழக்கம் இல்ல சார். பயந்த சுபாவம்.”

“சரி. நடந்த வரைக்கும் மாற்றம் இல்லைன்னு போடு. ரெகவரி பார்த்துட்டு ரிப்போர்ட்டை என் மேஜையில வை.” போன் மறுபடி காதுக்குப் போனது. டாக்டரும் போனார்.

ரெகவரி என்றால் நடந்து முடித்து உட்கார வைத்த பிறகு பார்க்க வேண்டிய சில நிமிடங்கள். வயரைக் கழற்றக் கூடாது. சில இதயங்கள் நடக்கும்போது வாயைத் திறக்காது. ஆள் ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் முனகும்.

அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்தாள். நெற்றியில் வேர்வை. குட்டி திரையைப் பார்த்தாள்.

தரை இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு மயிரிழை. அடுத்தடுத்த துடிப்பில் இன்னும் கொஞ்சம். பிறகு நன்றாகவே, கண் தெரியாதவனுக்கும் தெரிகிற மாதிரி, இடது பக்கத்து வயர்கள் எல்லாவற்றிலும் ஒரே சீராகக் குழி விழுந்தது. வேறு யாருக்காவது இப்படி ஒன்று பார்த்தால் குட்டி டாக்டரை ஓடிப்போய்க் கூட்டிவருவாள். ஓடியிருக்கிறாள். முன்பின் தெரியாத ஆட்களுக்காக, செருப்பு கூடப் போடாமல் ஓடியிருக்கிறாள்.

“எப்படி இருக்கு குட்டி?” அண்ணி மூச்சு வாங்கக் கேட்டாள். “ஏதாவது தெரியுதா?”

குட்டி நிறுத்தும் பட்டனை அழுத்தினாள். திரை இருண்டது. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒட்டுகளைக் கொஞ்சம் வேகமாகவே உரித்தாள். அண்ணிக்குத் தோல் சிவந்து போயிற்று.

“ஒண்ணும் தெரியல அண்ணி. எல்லாம் நார்மல்.”

அண்ணியின் கண்ணில் தண்ணீர் வந்தது. வெட்கமாகவும் இருந்தது போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்ப நிஜமாவே என் மனசுலதான் கோளாறா?” என்று கேட்டாள். பிறகு குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவங்க சொன்னா நம்பமாட்டேன். நீ சொன்னா நம்பறேன். நீ படிச்சவ. எனக்கு எதுக்கு நீ பொய் சொல்லப்போறே?”

குட்டி கையை விடுவித்துக்கொண்டு ரிப்போர்ட் அடிக்கப் போனாள்.

மதியம் அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தான். லாட்டரி விழுந்தவன் கூட அப்படிச் சிரித்திருக்கமாட்டான். அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவன், வராந்தாவில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

“பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர், பெரிய மெஷின். எல்லாம் சொல்லியாச்சு, மகாராணிக்கு ஒண்ணும் இல்லையாம். இனிமே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு என் முன்னாடி நிக்காதே. சரியா?”

“சரிங்க,” என்றாள் அண்ணி.

“அம்மாவைத் தூக்கி கார்ல உட்கார வை. எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு.”

அண்ணனுக்கு இடுப்பு எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பது அந்த இடுப்புக்கு மட்டும்தான் தெரியும். அண்ணி குனிந்து, அம்மாவின் விழுந்த கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, தம் பிடித்துத் தூக்கினாள். அம்மாவின் முழுப் பாரமும் அவள் நெஞ்சில் சாய்ந்தது. குட்டி வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு கை கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அது பழக்கமாகிவிடும் என்று தோன்றியது.

அன்று குட்டிக்குச் சாயங்கால டியூட்டியும் சேர்ந்துவிட்டது. எமர்ஜென்சியில் ஈ.சி.ஜி. எடுக்க ஆள் இல்லை. விளக்குப் போடும் நேரத்தில் போன் வந்தது. அண்ணி.

“குட்டி, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதே. அத்தையைக் கட்டில்லேருந்து தூக்கி நாற்காலியில உட்கார வெச்சேன். அப்பலேருந்து மார்ல ஒரு பாறாங்கல்லை வெச்ச மாதிரி இருக்கு. இடது கை மரத்துப்போச்சு. வேர்த்துக் கொட்டுது. உங்கண்ணன்கிட்ட சொல்லல. சொன்னா காலைல வந்த ரிப்போர்ட்டைத்தான் எடுப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “இது கேஸ் டிரபிள்தானே? நீ சொல்லு. நீ சொன்னா நான் பேசாம படுத்துக்கறேன்.”

குட்டி எமர்ஜென்சி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். இது என்ன என்று அவளுக்குத் தெரியும். எந்த மாத்திரையைக் கடித்து மெல்லச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். “உடனே வாங்க” என்று இரண்டே வார்த்தை. வந்தால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். எடுத்தால் தெரியும். தெரிந்தால், காலையில் எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பார்கள்.

“கேஸ்தான் அண்ணி,” என்றாள். “வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க.”

போனை வைத்த பிறகு அண்ணியின் நம்பரை மறுபடி திரையில் எடுத்தாள். பாவம் என்று யாரும் இரங்க வேண்டாம். எடுத்தவள் திரும்ப டயல் செய்யவில்லை.

ஆனால் வெந்நீருக்கு வலி கேட்கவில்லை. அண்ணி சமையலறையில் வாந்தி எடுத்துவிட்டு அங்கேயே சரிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் கார் எடுத்தார். அண்ணன் முன் சீட்டில், கையில் மறக்காமல் காலை ரிப்போர்ட்டோடு வந்து இறங்கினான்.

எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டரம்மா சின்ன வயசு. நிதானமானவள். அண்ணியைப் பார்த்ததுமே முகம் மாறியது. “ஈ.சி.ஜி.!” என்றாள். குட்டி எடுத்தாள். எடுக்கும்போது அண்ணி கண்ணைத் திறக்கவில்லை.

கோட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் சில சமயம் அப்படித்தான். இதயம் யோசித்துக்கொண்டிருக்கும்.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தான்.

“மேடம், இதெல்லாம் வேண்டாம். இன்னிக்குக் காலைலதான் இங்கேயே டிரெட்மில் பண்ணினோம். பெரிய டாக்டர் கையெழுத்து. நார்மல். இவளுக்கு மாமியாரைப் பார்த்துக்கறதுல இஷ்டம் இல்ல, அதான் விஷயம்.”

டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கினாள். படித்தாள். அவள் தோள் கொஞ்சம் தளர்வதைக் குட்டி பார்த்தாள்.

“இன்னிக்கு எடுத்ததா? அப்ப இதயமா இருக்க வாய்ப்பு குறைவுதான். ரத்தம் எடுத்து அனுப்புங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அசிடிட்டிக்கு ஊசி போட்டு ஓரமா படுக்க வைங்க.”

அண்ணியின் கட்டிலை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். குட்டி அடித்த காகிதம்தான் தள்ளியது.

கட்டிலில் அண்ணி சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தாள். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று போனில் யாரிடமோ, “ஒண்ணும் இல்ல, கேஸ் டிரபிள்,” என்று சொல்லிச் சிரித்தான்.

குட்டி அங்கேயே நின்றாள். இதோ பாருங்கள், நான் அவளுக்காக வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் ஒரு ஆள் தன் கண்ணெதிரே செத்துப்போவதை அவளாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் அவள் இன்னும் போகவில்லை. மனசு என்று ஒன்று மூலையில் கிடந்து உதைத்துக்கொண்டது. அதே சமயம் மூளையும் வேலை செய்தது. இரண்டும் சேர்ந்து அவளுக்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து கொடுத்தன.

“மேடம், ஒரு நிமிஷம்.”

டாக்டரம்மா திரும்பினாள்.

“அண்ணி காலைல தலைவலி மாத்திரை போட்டுட்டு வந்திருக்காங்க. துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. எங்கிட்ட மறைச்சுட்டாங்க. இப்பதான் தெரிஞ்சுது.”

“என்னது?” டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. “அப்ப அந்த டெஸ்டுக்கு அர்த்தமே இல்லையே! யாரு இதை நார்மல்னு… சரி, அதெல்லாம் அப்புறம். இன்னொரு ஈ.சி.ஜி. எடு. உடனே. ஆஸ்பிரின் கொண்டு வாங்க, மென்னு சாப்பிடச் சொல்லுங்க.”

அண்ணன் போனை வைத்தான். கட்டிலுக்கு மேல் குனிந்தான்.

“மறைச்சியா? மாத்திரையைப் போட்டுட்டு மறைச்சியா? உனக்கு உடம்புல நோய் இல்லடி, வாயெல்லாம் பொய்!”

அண்ணி கண்ணைத் திறந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. மார்பில் ஒட்டுகளை அழுத்திக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தாள்.

“காலைல சொன்னேனே குட்டி,” என்றாள். சத்தமே வரவில்லை. “உங்கிட்டதானே கேட்டேன்.”

குட்டி கடைசி வயரை மாட்டினாள்.

“எப்ப அண்ணி கேட்டீங்க?” என்றாள். “அங்க வேற யாரு இருந்தா?”

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் குட்டியால் தாங்கியிருக்க முடியும். அந்த முகத்தில் இருந்தது கோபம் இல்லை. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

காகிதம் வெளியே வந்தது. பார்க்க டாக்டர் வேண்டியதில்லை. சமதரை இருக்க வேண்டிய இடமெல்லாம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. குழாய் அடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். டாக்டரம்மா பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். அடைப்பைத் திறக்கும் அறையைத் தயார் செய்யச் சொன்னார்கள். யாரோ கையெழுத்துக்கு அண்ணனை இழுத்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. “நார்மல்னு போட்டிருக்கே… நார்மல்னுதானே போட்டிருக்கு,” என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

“சார் காலைல எடுத்த பதிவு முழுசையும் கேக்கறாரு,” என்றாள் டாக்டரம்மா, போனைக் காதிலிருந்து எடுக்காமலே. “ரிப்போர்ட் இல்ல, மெஷின்ல இருக்கிற பதிவு. ரெகவரியோட.”

“நான் எடுத்துட்டு வரேன் மேடம்,” என்றாள் குட்டி. வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. பட்டனை அழுத்தினால் திரைதான் இருளும், அதுவரை ஓடினது அழியாது என்பது இப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது.

“வேண்டாம், நீ இங்க இரு. ஜூனியரை அனுப்பிட்டேன்.”

கட்டிலைத் தள்ள ஆரம்பித்தார்கள். அண்ணி முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை விரலால் விலக்கினாள். அண்ணன் பக்கத்தில் ஓடி வந்தான்.

“அத்தை நாற்காலியிலேயே இருக்காங்க,” என்றாள். “தனியா. எத்தனை நேரமாச்சு. யாராவது போய்த் தூக்கணும்.”

“இப்ப அதுவா முக்கியம்?” அண்ணன் குரல் உடைந்தது.

“குட்டியை அனுப்புங்க. இங்க இவ வேண்டாம். இவ கை என் மேல படவேண்டாம்.”

மூடியை மறுபடி போட்டுவிட்டார்கள். கட்டில் வளைவில் திரும்பிப் போயிற்று.

அண்ணன் குட்டியைப் பார்த்தான். பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தான். “அம்மாவை உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடு,” என்றான். “இவ பொழைச்சு வந்தாலும் இனிமே தூக்கமாட்டா. நானும் சொல்லமாட்டேன்.” கட்டில் போன பக்கம் ஓடினான்.

குட்டியின் போன் அடித்தது. அம்மா. பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்கு நாக்குக் குழறும்.

“குட்டி… யாருமே இல்லடி. சரிஞ்சு சரிஞ்சு விழப் பாக்கறேன். துணி எல்லாம் நனைஞ்சுபோச்சு. வந்து தூக்கு குட்டி.”

“இதோ வரேம்மா.”

சாவியை இறுக்கிக்கொண்டு அவள் வாசலை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பாள். எதிரே ஜூனியர் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் நீளமான காகிதம். குட்டியைப் பார்த்ததும் அவள் நடை தடுமாறியது. குட்டியைத் தாண்டிப் போய் டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

டாக்டரம்மா வாங்கிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் விரலை அந்தக் குழிகளின் மேல் ஓட்டிக்கொண்டே போனாள். விரல் கோடு அறுந்த இடத்தில் நின்றது. தலை நிமிர்ந்தாள்.

“எங்க போறீங்க?” என்றாள். முதல்முறையாகக் குட்டிக்கு மரியாதை கொடுத்துப் பேசினாள். “இருங்க. சார் வர்ற வரைக்கும் நீங்க எங்கேயும் போகக் கூடாது.”

குட்டியின் காதிலிருந்து போன் இறங்கவில்லை. அந்தப் பக்கம் அம்மா, வருகிறாயா, வருகிறாயா என்று கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.